நம்ம ஆளுக்கு எதுக்கு டோக்கன்

கடந்த சனிக்கிழமை மாலை ஏழு மணி பதினேழு நிமிடத்துக்கு எனக்குச் செய்தி வந்தது. பெயர், விலாசத்தை முதலில் சொல்லும்படி அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். என் பெயர் அர்கீரிஸ் கவாலிஸ், தகப்பனார் பெயர் இக்னாத்திஸ், வயது 31. பாரோஸ் தீவில் அலிக்கி துறைக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். படகு எந்திரம் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இறந்துபோன அசிமீனா, வயது 28, என் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்த்தாள்.

ஸ்டமாத்திஸ் என்பவரை எனக்குச் சிறுவயதிலிருந்து தெரியும். எங்கள் கல்யாணத்தில் எங்கள் தலையில் மலர்முடியை மாற்றி வைத்தவர் அவர்தான். எங்கள் ஊரில் அது கூடப்பிறந்த உறவுக்குச் சமம். கோடையில் தன் படகில் டூரிஸ்டுகளை ஸ்ட்ராவோனிசி தீவுக்குக் காலையில் கூட்டிப்போய் மாலையில் திரும்பக் கொண்டுவருவார். அங்கே குடியிருப்பு கிடையாது. வெள்ளைப் பாறையும் குளிக்கிற கடலும்தான்.

அந்தப் படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் பலகையிலிருந்து ஒரு பித்தளை டோக்கன் எடுத்துக் கொடுப்பார்கள். தீவில் குளித்துவிட்டுத் திரும்ப ஏறும்போது அவரவர் டோக்கனை ஆணியில் மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால் எல்லாரும் வந்தாகிவிட்டது என்று கணக்கு. பிறகு கிளம்பலாம். ஊர்க்காரர்கள் காசு இல்லாமல் ஏறுவோம், டோக்கனும் வாங்குவதில்லை. எந்தப் படகிலும் அதுதான் வழக்கம்.

சனிக்கிழமை அசிமீனாவுக்கு விடுமுறை. ஸ்ட்ராவோனிசியின் வடக்குப் பக்கப் பாறையில் கேப்பர் செடி நன்றாக மொட்டு விட்டிருப்பதாகவும், ஊறுகாய்க்குப் பறித்து வருவதாகவும் சொன்னாள். படகில் தண்ணீர் இறைக்கும் பம்பைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் நானும் அவளுடன் துறைக்குப் போனேன். பம்பை மாட்டிவிட்டு நான் மேலே வந்தபோது அவள் ஏறிக்கொண்டிருந்தாள். ப்ளெதார் என்பவர் ஏணி அருகே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் அல்பேனியாக்காரர், வயது நாற்பதுக்கு மேல், இந்தக் கோடையில்தான் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் அசிமீனாவிடமும் ஒரு டோக்கனை நீட்டினார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அசிமீனா, "என்னை எண்ணணும்னா டிக்கெட் காசையும் நீங்களே குடுத்துருங்கண்ணே" என்று சொல்லிச் சிரித்தாள். ப்ளெதார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஏறுகிற எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று தனக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அப்போது ஸ்டமாத்திஸ் சுக்கான் பக்கத்திலிருந்து வந்து அந்த டோக்கனை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"நம்ம ஆளுக்கு எதுக்குய்யா டோக்கன்? விட்டா என் பொண்டாட்டி கழுத்துலயும் நம்பர் மாட்டுவ போல."

இப்படிச் சொல்லி ஸ்டமாத்திஸ் தன் கையாலேயே டோக்கனைத் திரும்ப ஆணியில் மாட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ப்ளெதார் சிரிக்கவில்லை, மொழி சரியாகப் புரியவில்லை என்று நினைத்தேன். அதன் பிறகு படகு கிளம்பியது. அசிமீனா பின்பக்கம் உட்கார்ந்து டூரிஸ்டுகளுக்குத் தர்பூசணி வெட்டத் தொடங்கியிருந்தாள். எனக்குக் கத்தியை ஆட்டிக் காட்டினாள். நான் பட்டறைக்குப் போனேன்.

தீவில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஸ்டமாத்திஸும் ப்ளெதாரும் பின்னால் சொன்னதை மட்டும் சொல்கிறேன். மதியத்துக்கு மேல் வடகாற்று ஏறியதால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சங்கு ஊதினார்கள். டூரிஸ்டுகள் வந்து டோக்கனை மாட்டினார்கள், பலகை நிறைந்தது. அசிமீனா கீழறையில் படுத்துத் தூங்குவதாக ஸ்டமாத்திஸ் நினைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது அவள் எப்போதும் தூங்குவாள், அது உண்மை. ப்ளெதார், அசிமீனா ஏறிவிட்டாளா என்று கேட்டதாகவும், பலகையைப் பார் என்று ஸ்டமாத்திஸ் சொன்னதாகவும் ப்ளெதார் சொல்கிறார். ஸ்டமாத்திஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை.

மாலையில் நான் பட்டறையில் ஒரு எந்திரத்தின் குளிர்விப்பானில் காற்றழுத்தம் ஏற்றி, கசிவு இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். அழுத்தம் ஏற்றியவுடன் நேரம் பார்க்க வேண்டும் என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது பட்டறை வயர்லெஸில் ஒரு மீன்பிடிப் படகு துறைமுகக் காவலைக் கூப்பிட்டது. ஸ்ட்ராவோனிசியின் வடக்குப் பாறையின் கீழே ஒரு பெண் கிடக்கிறாள், உயிர் இல்லை, மேலே இருந்து சறுக்கியிருக்க வேண்டும், தோளில் துணிப்பை மாட்டியிருக்கிறாள் என்று சொன்னார்கள். அதன் பிறகு அதே குரல், "இது நம்ம அர்கீரிஸ் வீட்டுக்காரி மாதிரி இருக்குங்க" என்றது. வேறு அலைவரிசைக்கு மாறும்படி காவல் நிலையம் சொன்னது.

சோதனை முடிய இன்னும் நேரம் இருந்தது. நான் நின்று அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தம் இறங்கவில்லை. அதன் பிறகு காற்றைத் திறந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு துறைக்குப் போனேன்.

ஸ்டமாத்திஸ் குழாய் பிடித்துப் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வயர்லெஸை அணைத்திருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. அசிமீனா எங்கே என்று கேட்டேன். கயிறு கட்டுவதற்குள் குதித்து ஓடியிருப்பாள், வீட்டில் பார் என்றார். நான் கேட்ட செய்தியைச் சொன்னேன். அவர் கீழறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்து பலகை முன்னால் நின்றார். குழாய்த் தண்ணீர் அவர் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறைஞ்சுதானே இருக்கு மாப்ள," என்றார். "பாரு, நிறைஞ்சுதானே இருக்கு."

அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்டமாத்திஸின் மனைவி மரூசோ என் வீட்டுக்கு வந்தார். அசிமீனாவுக்குக் கடைசியாக உடுத்திவிட்டவர் அவர்தான். எனக்குச் சூப் கொண்டுவந்திருந்தார், நான் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு, ப்ளெதார் டோக்கன் கொடுக்க மறந்துவிட்டதாகத் தன் கணவர் இந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருப்பதையும், துறையில் நான் நின்றதால் என் வார்த்தையைத்தான் எல்லாரும் கேட்பார்கள் என்பதையும் சொன்னார்.

"அந்தாளு வெளியூர்க்காரன் தம்பி. நாளைக்கே வேற தீவுல வேலை தேடிக்குவான். உங்க அண்ணன் எங்க போவாரு? அசிமீனா இருந்தா இதைத்தான் சொல்லுவா."

நான் சூப் பாத்திரத்தைக் கழுவி அவரிடம் கொடுத்தேன். ப்ளெதார் நான்கு நாளாகக் காவலில் இருப்பதை இன்று இங்கே வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். வரும் வழியில் அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

ஆகவே மறுபடியும் தெளிவாகச் சொல்கிறேன். ப்ளெதார் டோக்கனை நீட்டினார். அதை வாங்கித் திரும்ப மாட்டியவர் ஸ்டமாத்திஸ். அவர் கெட்ட எண்ணத்தில் அதைச் செய்யவில்லை. அவளை அவர் தன் வீட்டு ஆளாக நினைத்தார், அதனால் எண்ணவில்லை. அவரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்க வரவில்லை. ப்ளெதாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கிறேன்.

எழுதியதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் சடலம் என்று இருந்ததை அசிமீனா என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் பார்த்ததும் கேட்டதும் இவ்வளவே. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை.

மேற்கொண்டு விசாரணைக்கு எந்த எண்ணில் அழைப்பது என்று அதிகாரி கேட்டார். தேவைப்பட்டால் பட்டறைக்கு ஆள் அனுப்பவும். நான் பேசிக்கொண்டிருந்தபோது மரூசோ விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார், கைபேசியை அணைத்துவிட்டேன்.

(ஒப்பம்) அ. கவாலிஸ்