விளைமீனும் வெள்ளை வைனும்

காலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஊர் திரும்பிய பென்சன்காரர். மற்றவர் அவருடைய மனைவியின் தமையன். பென்சன்காரரின் மகளுக்குப் பேசிய சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்லக் கொடிகாமத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"திரும்பச் சொல்லுங்கோ. பொம்பிளை பாக்க வந்த இடத்திலை விளைமீன் பொரியலைச் சாப்பிட்டுப்போட்டு மாப்பிள்ளை என்ன சொன்னவர்?" என்றார் தமையன்.

"இதுக்குத் தெற்குப் பிரான்சு வெள்ளை வைன்தான் பொருத்தமாம். சீமையிலை படிக்கேக்கை பழகினதாம்."

"திருநீறு பூசின வீட்டிலை இருந்துகொண்டோ? குடிகாரனுக்கு எங்கடை பெட்டையைக் குடுக்கேலாது, மச்சான்."

பென்சன்காரர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"அதோடை முடியேல்லை. அடுப்படியிலை நிண்ட மகள், பொரியலை விட நண்டுக்குத்தான் அது நல்லது, ஆனால் நல்லாக் குளிர வைக்கவேணும் எண்டாள்."

தமையன் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்கு உதெல்லாம் ஆர் பழக்கினது?"

"கோலாலம்பூரிலை பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரியாம். அங்கை தனியவோ போனனீ எண்டு கேட்டன்."

"என்னவாம்?"

"உங்கடை தங்கச்சியைப் பாத்தாள். அவ முகத்தை மற்றப் பக்கம் திருப்பினா."

கொடிகாமத்தில் வண்டி நின்றது. இருவரும் எழும்பவில்லை.