எடைமேடையில் ஒரு பக்கம்

நூற்றுப் பதினைந்து ரூபாய் கடன்பட்டவன், அதைத் தீர்ப்பதற்காக இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உங்கள் முன் எழுந்து நிற்கிறேன்.

அளந்து பேசும் அருங்குணமே! நிறுத்துப் பழகிய நேர்மையே! முப்பத்தோர் ஆண்டுகள் வந்த லாரி, போன லாரி அத்தனையையும் ஒரு கிலோ பிசகாமல் ஏட்டில் ஏற்றிய எழுத்தரே! எடைமேடைக் கூண்டின் சிறு சன்னலுக்குள் அமர்ந்து எங்கள் எல்லோருக்கும் பெரிய சன்னல் ஒன்றைத் திறந்துவிட்ட எங்கள் எடையக்காவே! இக்கிடங்கின் சுமைப்பணியாளர் பதினான்கு பேரும், காவலரும், அலுவலகத்தாரும் இன்று ஓய்வுபெறும் உங்களை வணங்கி வாசிக்கும் மடல் இது.

பத்தரை மணி தேநீர் நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் அந்தப் பதினைந்து நிமிடமும் நாங்கள் மூட்டைகள்மேல் சாய்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். தேநீர் ஆறிப்போகும், பக்கத்தில் இருப்பவன் முகம் மறந்துபோகும். அப்போதுதான் ஒருநாள் பழைய காகித லாரி ஒன்று எடைக்கு வந்தது. அதிலிருந்து முதல் பதினொரு பக்கம் கிழிந்த கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து, சன்னல் வழியாக எங்களுக்குச் சத்தமாக வாசித்தீர்கள். கதையில் ஒருத்தி கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டீர்கள்.

“அக்கா, அவ மேல வந்தாளா இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டு மூடுங்க” என்று கெஞ்சினார் எங்கள் குழுத் தலைவர் கொக்கி அண்ணன்.

“தெரியணும்னா நாளைக்குப் போனைத் தட்டுல வெச்சிட்டு நீங்களே படிங்க.”

தானிய மாதிரி நிறுக்கும் சின்னத் தராசுதான் அந்தத் தட்டு. மாதிரித் துணிப்பை ஒவ்வொன்றிலும் ஒரு போனைப் போட்டுக் கட்டி அதில் வைக்க வேண்டும். முதல் ஆளாக உங்கள் பட்டன் போனை வைப்பீர்கள். மொத்த எடையைக் கரும்பலகையில் எழுதி, “இன்னைக்கு ரெண்டே முக்கால் கிலோ வம்பை இறக்கியாச்சு. உக்காருங்க” என்பீர்கள். ஆளுக்கொரு புத்தகம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு பக்கம். விட்ட இடத்தில் அடையாளத்துக்குச் சணல் இழை. படிக்காத நாளுக்கு ஐந்து ரூபாய் தண்டம். அந்தக் காசில் காகித லாரிக்காரரிடம் கிலோ கணக்கில் புத்தகம் வாங்குவீர்கள்.

இனி என் கடனைச் சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் மனைவியிடம் எழுத்துப் படித்தவன் நான். எழுத்துத் தெரிந்தும் வாசிப்பது எனக்கு ஏணியில் மூட்டை ஏற்றுவது போல இருந்தது. நாலாவது வரியில் நான் மூச்சு வாங்கும்போது சுற்றிலும் படித்து முடித்தவர்கள் பக்கம் திருப்பும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் என்னை விரட்டியது. போனில் ஓடும் படங்கள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நான் மெதுவான ஆள் என்று அவற்றுக்குத் தெரியாது. அதனால் துணிப்பைக்குள் ஒரு குளியல் சோப்பைப் போட்டுத் தட்டில் வைத்துவிட்டு, போனோடு கடைசி அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வாங்கிய சோப்பை வீணாக்குவானேன் என்று மாலையில் குழாயடியில் அதையே தேய்த்துக் குளிக்கவும் செய்தேன். ஒரு கிராம் குறைந்தாலும் உறுத்தும் கண்ணுக்கு முன்னால் அதைச் செய்தேன் என்பதுதான் என் புத்தி!

“இருபத்து மூணு நாளா எடை இறங்கிக்கிட்டே வருது. ஏம்ப்பா, போன் இளைக்குமா?” என்று கேட்டபடி நீங்கள் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தீர்கள். சோப்பு வாசனை மேடையெல்லாம் பரவியது.

“டேய் இடத்தோளு, வீட்டுக்காரி கூப்பிட்டா இதுலதான் பேசுவியாடா?” என்றார் கொக்கி அண்ணன். இடது தோளில் மட்டுமே சுமப்பதால் எனக்கு அந்தப் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கூண்டுக்குள் கூப்பிட்டுக் கேட்டீர்கள். நானும் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

“லாரி பின்னால வர்ற சத்தத்துக்கே அசராதவன், காகிதச் சத்தத்துக்கா பயந்த?” என்றீர்கள். நான் இருபத்து மூன்று நாளுக்கான தண்டப் பணத்தை நீட்டினேன். வாங்க மறுத்தீர்கள். “காசைக் குடுத்தா நாளைக்கே மறந்துடுவ தம்பி. எல்லார் முன்னாடியும் ஒரு பக்கம் சத்தமாப் படி. அன்னைக்கு உன் கடனை ஏட்டுல அடிச்சிடறேன்.”

“ரெண்டு மடங்கா வேணும்னா தர்றேங்க்கா. அது மட்டும் வேண்டாம்.”

“அவசரமில்ல. ஏடு என்கிட்டதான் இருக்கு.”

மறுநாள் ஒரு புதுச் சட்டம் வந்தது. மணி அடிக்கும்வரை யாரும் பக்கம் திருப்பக் கூடாது. முன்னாலேயே முடித்தவர்கள் அதே பக்கத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டும். ஏன் என்று பலரும் முணுமுணுத்தார்கள். நீங்கள் காரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அக்கா. மற்ற பதின்மூன்று பேரின் வேகத்தை ஒருவனுக்காக நிறுத்திவைத்த பெருந்தகையே! அந்த அமைதியில்தான் நான் ஐந்தாவது வரிக்குப் போனேன். சில வாரங்களில் பக்கத்தின் அடிவரைக்கும் போனேன். ஆறு ஆண்டுகளில் எட்டுப் புத்தகங்கள் முடித்திருக்கிறேன். நாள் தவறாமல் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே பக்கம். எங்கள் வீட்டிலும் இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு போன்கள் அலமாரிக்குள் போகின்றன. நான் காலையில் படித்ததை மனைவிக்குச் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் அவள் திருத்துகிறாள்.

ஆனாலும் சத்தமாகப் படிக்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. ஆறு தடவை புது ஏடு போட்டீர்கள். ஆறு தடவையும் முதல் பக்கத்தில் என் நூற்றுப் பதினைந்தைச் சிவப்பு மையில் எடுத்து எழுதினீர்கள்.

இந்த விழாவுக்கு அச்சகத்தில் தயாராக ஒரு மடல் இருந்தது. பெயர் இடத்தை நிரப்பினால் போதும், மேலாளர் படித்துவிடுவார் என்றார்கள். “வேண்டாம், நான் எழுதுறேன், நானே படிக்கிறேன்” என்று எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பத்தொன்பது மாலைத் தேநீர் நேரங்களில் எழுதியது இது. அடித்துத் திருத்தியதை அலுவலகத்துத் தங்கச்சி தட்டச்சு செய்து தந்தாள். நான் வரிக்கடியில் விரல் வைத்துப் படிப்பது உங்களுக்குத் தெரியும். பின்வரிசைக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

நாளைக் காலை பத்தரைக்குத் தட்டில் நூற்று நாற்பது கிராம் குறையும். அது உங்கள் பட்டன் போன். அந்தக் குறையை யாரும் சோப்பு வைத்து நிரப்ப மாட்டோம். அப்படியே பலகையில் எழுதிவிட்டு உட்காருவோம். மணி அடிக்கும்வரை பக்கம் திருப்ப மாட்டோம்.

அன்பின் அளவே! பொறுமையின் நிறையே! உங்கள் கண்ணில் வெளிச்சமும், காலில் வலுவும், கைக்கெட்டும் தூரத்தில் படித்து முடியாத புத்தகம் ஒன்றும் எந்நாளும் இருக்கட்டும்! நூறு ஆண்டும் அதற்கு மேலும், அவசரமில்லாமல், நாளுக்கொரு பக்கமாக வாழுங்கள்!

ஒரு பக்கம் முடிந்தது, அக்கா. கொக்கி அண்ணன் ஏட்டைக் கொண்டுவந்திருக்கிறார். சிவப்புப் பேனாவும் இருக்கிறது.

நன்றியில் நனைந்த
கிடங்குச் சுமைப்பணியாளர்கள், காவலர், அலுவலகத்தார்
எழுதி வாசித்தவன்: இடத்தோள்

(மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் போடும் முன், அதன் அடியில் எடையக்கா தம் கைப்பட எழுதியது:)
ரூ. 115 தீர்ந்தது. நாலு இடத்துல தடுக்குச்சு. யாரும் பக்கம் திருப்பல.