ஏழு பன்னிரெண்டுக்குத் தொறக்கிற கதவு

டார்ச்ச அணைச்சிரு மக்கா. கரண்டு வரும்போ வரட்டு. எல்லாரும் கிட்ட வந்து இருங்க... இது நான் கண்ணால பாத்தது இல்ல. ஆனா வெளியாளு சொல்லிக் கேட்டதும் இல்ல. நம்ம ஜான்ரோஸுக்க அக்கா மாப்பிள்ள எபிசன் இருக்கான்லா, அவனுக்கு நடந்தது. போன மழைக்காலத்துல.

நேரம், சாயங்காலம் ஏழு பன்னிரெண்டு. குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற வழியில, மெயின் ரோட்ட விட்டு எடது பக்கம் ஒரு சின்ன தார் ரோடு எறங்கும். ரெண்டு பக்கமும் ரப்பர் மரம். மரத்துக்கு அந்தப் பக்கம் சானல், வெள்ளம் ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஆறரைக்கெல்லாம் கும்மிருட்டு. போனுக்கு சிக்னல் கெடைக்காது. அந்த ரோட்டுக்க கடைசியில ஒரே ஒரு வீடு... எபிசன் கட்டினது.

கட்டினது அவன். இருக்கது மஸ்கட்டுல. வீட்டுல பெஞ்சாதி இசபெல்லும் ஆறு வயசுப் பிள்ள ஜெப்சியும் மட்டுந்தான். இசபெல்லுக்கு குலசேகரத்துல ஒரு லேப்புல வேல. சாயங்காலம் பிள்ளய டியூஷன்ல இருந்து ஏத்திக்கிட்டு தனியா கார ஓட்டிட்டு வருவா. வந்து, மழையில எறங்கி, கார் ஷெட்டுக்க ஷட்டரத் தூக்கணும். அத நெனச்சா எபிசனுக்கு அங்க சோறு எறங்காது. அவனுக்கு இருந்தது அந்த ஒரே பயந்தான்... இருட்டுல அவங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கப்பிடாது.

லீவுக்கு வந்தவன், தானாத் தொறக்கிற கதவு மாட்டாம பிளேன் ஏறமாட்டேன்னு நின்னான். மார்த்தாண்டத்துல இருந்து அனில்குமார்னு ஒரு மெக்கானிக்கு வந்தான். "அண்ணே, சங்கிலி மோட்டாருன்னா வெல கொறவு. ஆனா கடகடன்னு ஊரையே எழுப்பும். பெல்ட்டு மோட்டாருன்னா பூனைக்குக்கூட கேக்காது"ன்னான். "பெல்ட்டே போடு"ன்னான் எபிசன். ஆனைய வாங்கினவன் அங்குசத்துக்கா யோசிப்பான்? கரண்டு போனாலும் ஓடுறதுக்கு ஒரு பேட்டரி. வாசலுக்கு ரெண்டு பக்கமும், தரையில இருந்து ஒரு சாண் ஒசரத்துல, சின்னதா ரெண்டு கண்ணு. கதவு எறங்கும்போ அந்தக் கண்ணுக்கு நடுவுல எது கடந்தாலும் கதவு நின்னு, திரும்ப மேல போயிரும். பிறகு வீட்டுக்கு வைஃபை, மைக்கு வச்ச ஒரு கேமரா; வாசல்ல சத்தம் கேட்டா அது அவன் போனுல மணி அடிக்கும். மஸ்கட்டுல இருந்து போனுல அமுக்கினா இங்க கதவு தொறக்கும், அடையும்.

போறதுக்கு முன்னால ரிமோட்ட இசபெல் கையில குடுத்துட்டு, "இது கெடக்கட்டு. நீ வந்து ரெண்டு ஹாரன் அடி. நான் தொறந்து தருவேன்"னான். கல்யாணமாயி எட்டு வருசம். அதுல ஆறு வருசம் அவன் அங்க. பெஞ்சாதி வரும்போ வாசல் தொறந்து குடுக்க அவனுக்கு அப்படி ஒரு வழி கெடச்சுது. சிரிக்காதீங்க மக்கா. எனக்கு அதக் கேட்டா பாவமாத்தான் இருக்கு.

மூணு மாசம் நல்லாப் போச்சு. பிறகு ஒரு நாளு...

இங்க நல்ல மழை. அவன் அங்க கம்பெனி வேன்ல, வேல முடிஞ்ச கூட்டத்துக்கு நடுவுல இருக்கான். போனு அடிக்கி. உள்ள ரெண்டு ஹாரன் கேக்கு. பீம்... பீம். படத்தப் பாக்கக்கூட இல்ல. வெரல் தானாப் போச்சு. தொறந்தான். ரெண்டு நிமிசம் கழிச்சு அடச்சான்.

நம்ம ஊருல சொல்லுவாங்கல்லா... விளக்கு வச்ச பிறகு வெளிய நின்னு ஆரு விளிச்சாலும், மூணு தடவ விளிக்காம பதில் சொல்லப்பிடாதுன்னு. இவனும் அதக் கேட்டு வளந்தவந்தான். ஆனா ஹாரனுக்கு ஆரு எண்ணிப் பாப்பா?

ரூமுக்கு வந்து இசபெல்ல விளிச்சான். "நனஞ்சியா?"

"நான் எதுக்கு நனையணும்? பிள்ளைக்குக் காய்ச்சல்னு நாலு மணிக்கே வந்தாச்சு. நீங்க வேலையில இருப்பீங்கன்னு ரிமோட்டுல தொறந்தேன்."

எபிசன் கேமராவுல பதிஞ்சிருக்க நம்ம ஊரு மணியப் பாத்தான். ஏழு பன்னிரெண்டு.

மறுநாளு ஹாரன் கேக்கல. ஏழு பன்னிரெண்டு ஆனதும் கதவு தானாத் தொறந்துது. எபிசன் போனுல பாத்துக்கிட்டு இருக்கான். ஷெட்டுக்குள்ள அவனுக்க கார். வெளிய காலி ரோடு, மழை. ஆரும் இல்ல. கதவு எறங்குது... எறங்குது... டக்குன்னு நின்னுது. மேல போச்சு. கண்ணுக்கு நடுவுல எதோ கடந்திருக்கு. பிறகு பைய எறங்கி அடஞ்சுது.

அதுக்கு அடுத்த நாளும் அப்படித்தான். அதுக்கு அடுத்த நாளும். தெனமும் ஒரு தடவ நிக்கும், ஒரே ஒரு தடவ.

அனில்குமார் வந்தான். கதவுக் கண்ணத் தொடச்சான், மோட்டாருக்க போர்ட மாத்தினான், ரிமோட்டுக்க ரகசிய நம்பர மாத்தினான். "அண்ணே, கண்ணு ரெண்டும் சரியாத்தான் இருக்கு. அது பொய் சொல்லல"ன்னுட்டுப் போயிட்டான். இசபெல் மெயின அணச்சுப் பாத்தா. பேட்டரியில தொறந்துது. பேட்டரியக் கழட்ட விளிச்சா, பிறகு அனில்குமார் போன எடுக்கவே இல்ல. போதகர் வந்து ஜெபிச்சிட்டுப் போனாரு. அவரு போயி அரை மணிக்கூறுல ஏழு பன்னிரெண்டு ஆச்சு... தொறந்துது.

"ஷெட்டுக்குள்ள ஒரு வாட அடிக்கிங்க"ன்னா இசபெல். "நனஞ்ச துணிய நாலு நாள் மூட்ட கட்டி வச்ச மாதிரி." ரெண்டு தடவ லோஷன் ஊத்திக் கழுவினா. வாட போகல.

எபிசன் லீவு கேட்டான். கெடைக்கல. ஒறக்கமும் கெடைக்கல. ராத்திரி முச்சூடும் கேமராவுல பதிஞ்சத ஓட்டி ஓட்டிப் பாத்தான். அப்பந்தான் அவனுக்கு ஒண்ணு ஒறச்சுது. தெனமும் ஒண்ணு உள்ள வருது... சரி. ஆனா வெளிய ஒண்ணுகூடப் போகலையே!

பதினோராவது நாளு. ஏழு பன்னிரெண்டு. கதவு தொறக்கு. எபிசன் பாக்கான்... ஷெட்டுக்குள்ள, காருக்குப் பக்கத்துல, ஜெப்சி நிக்கா. வாசலப் பாத்து நிக்கா. கதவு எறங்கி, நின்னு, மேல போச்சு. பிள்ள ஒரு அடி பின்னால வச்சு, செவரோட ஒட்டி ஒதுங்கினா. பெரியவங்க வரும்போ நம்ம பிள்ளைய வழி விட்டு நிக்குமே... அப்படி.

அவன் கையில அந்தக் கதவு இருக்கு. அத வச்சு என்ன செய்ய? நடுவுல ஒரு கடலே கெடக்கு. பிள்ளய வாரி எடுக்க முடியல. மைக்குல "ஜெப்சி, உள்ள போ மக்கா"ன்னு கத்தினான். அவ கேமராவ நிமிந்துகூடப் பாக்கல.

இசபெல்ல விளிச்சான். "ஏட்டி, பிள்ளய எடுத்துக்கிட்டு கார்ல ஏறு. தக்கலைக்கு, ஒனக்க அம்ம வீட்டுக்குப் போ. இப்பமே."

"இந்த மழையிலயா? என்னங்க ஆச்சு?"

"கேள்வி கேக்காத. ஒண்ணும் எடுக்காண்டாம். நான் தொறந்து தாறேன்."

அவன் கொரல்ல இருந்தத அவ புரிஞ்சுக்கிட்டா. ஓடி வந்து பிள்ளயத் தூக்கிப் பின் சீட்டுல வச்சா. முன்னால ஏறினா. எபிசன் கதவத் தொறந்தான். கார் கொஞ்ச நேரம் அனங்கல. "எடு... எடு..."ன்னு அவன் பல்லக் கடிக்கான். பிறகு பைய வெளிய வந்துது. வாசல் மேட்டுல எறங்கும்போ அடிபாகம் சிமிட்டில ஒரசி, 'கிறீச்'சுன்னு ஒரு சத்தம். கல்யாணத்துக்கு ஆளு அடச்சுக்கிட்டுப் போற வண்டி மாதிரி. அத அவன் கேட்டான். ஆனா அப்ப அத யோசிக்க அவனுக்கு ஏது மூளை?

அவனுக்க கண்ணு முழுக்க கதவுலதான். பின்னால எதுவும் எறங்கிப் போயிரப்பிடாது. அமுக்கினான். கதவு எறங்குது... பாதி... முழங்கால் ஒசரம்... ஒரு சாண்...

நிக்கல. ஒரே போக்கா எறங்கி அடஞ்சுது.

பதினோரு நாளுல அண்ணைக்குத்தான் மொத தடவ, நிக்காம அடஞ்சுது. அவ பின்னால ஒண்ணும் போகல. எபிசன் அந்த ரூமுல முட்டுக்குத்தி இருந்து கொழந்த மாதிரி அழுதான். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்..." எல்லாம் உள்ள மாட்டிக்கிட்டு, எனக்க ரெண்டு பேரும் தப்பிச்சிட்டாங்கன்னு நெனச்சான்.

ரப்பர் மரம் தாண்டுற வரைக்கும் அவளுக்குப் போனு போகல. விளிச்சான், விளிச்சான், விளிச்சுக்கிட்டே இருந்தான். பத்து நிமிசம் கழிச்சு எடுத்தது பிள்ள. பின்னால வைப்பர் அடிக்கிற சத்தம்.

"ஜெப்சி... மக்கா... அம்மா எங்க?"

"அம்மா வண்டி ஓட்டுதா." மூச்சு முட்டுன மாதிரி, பிள்ள மெதுவாப் பேசுகா. "அப்பா... எனக்கு இருக்க எடமே இல்லப்பா. இவங்களக் கொஞ்சம் நவுந்து இருக்கச் சொல்லுங்க..."