சாமி காரியம் என்றான் என் கொழுந்தன்

மக்காச்சோளக் காட்டுக்குள் ஓடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலேகால். பின்னால் கண்ணாடி உடைகிறது. முதலில் ஒன்று. பிறகு வரிசையாக. அது மாதா கோயில் தெரு.

முன்னால் ஸ்டெல்லா டீச்சர். என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவர் சவரிமுத்து கடைசியில் வருகிறார். கால் முறிந்து, போன வாரம்தான் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். ஓட முடியவில்லை. என் நெற்றியில் குங்குமம் இருக்கிறது. என்னை யாரும் தேடவில்லை. டீச்சர் என் கையைப் பிடித்தாள். ஓடினேன்.

எங்கள் ஊர் தாடிக்கொம்பு தாண்டி உள்ளே. அன்று காலையில் ஊர் முகப்பில் எங்கள் அம்மன் சிலையின் கை உடைந்தது. தக்காளி ஏற்ற வந்த லாரி பின்னால் எடுக்கும்போது இடித்தது. என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் போனில் பரப்பிவிட்டார்கள், மாதா கோயில் தெரு வேதக்காரர்கள் உடைத்தார்கள் என்று. மதியம் ஊர்க் கூட்டத்தில் ஒருவன் மைக் பிடித்தான். எங்கள் ஊர்க்காரன் இல்லை. தெய்வத்துக்காக ரத்தம் சிந்தத் தயாரா என்று கேட்டான். கை தட்டினார்கள். நான் எழுந்து லாரியைச் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

வாய்க்கால் கரையில் மறித்தார்கள். இருபது பேர் இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. கையில் இரும்புக் குழாய். முன்னால் நிற்கிறவன் முருகேசன். என் கொழுந்தன். பத்து வருடம் என் கையால் சாப்பிட்டவன்.

"மதினி, தள்ளிக்கங்க. இது சாமி காரியம்."

"ஏலே, லாரி இடிச்சது உனக்குத் தெரியும்ல?"

அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் வந்திருந்தான். சவரிமுத்துவின் மேல் கிணற்றுப் பாதைக்காக வழக்குப் போட்டுத் தோற்றவன் அவன். கோர்ட் தராததை எடுக்க அம்மனைக் கூட்டி வந்திருந்தான்.

சவரிமுத்து மேல் குழாய் இறங்கியது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். ஒவ்வோர் அடிக்கும் அம்மன் பெயரைச் சொன்னார்கள். நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற பெயர். குறுக்கே கையை நீட்டினேன். டீச்சர் கத்தினாள். "விட்டுருங்கய்யா, அவரால நடக்கவே முடியாது." அவளையும் அறைந்தார்கள். ஐந்து மணிக்குப் போலீஸ் வந்தது. அப்போது அவருக்கு மூச்சில்லை.

அமைதிக் கூட்டம் போட்டார்கள். இரு தரப்பும் பொறுத்துப் போக வேண்டுமாம். எது இன்னொரு தரப்பு? நொண்டி நொண்டி ஓடிய ஒரு மனிதனா? கோர்ட்டில் கொழுந்தனின் பெயரைச் சொன்னேன். அவன் ஜாமீனில் வந்தபோது மாலை போட்டு அழைத்து வந்தார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். சவரிமுத்து, நாற்பத்தாறு வயது. மாதா கோயில் தெருவில் எரிந்த ஏழு வீடுகள். ஒரு தையல் கடை. அவிழ்த்துவிட ஆளில்லாமல் கட்டிய இடத்திலேயே வெந்த நான்கு ஆடுகள். டீச்சரின் இடது காது. அவள் இப்போது கொடைரோட்டில் தங்கை வீட்டில் இருக்கிறாள், இந்தப் பக்கம் வருவதில்லை. என் வலது கையில் இரண்டு விரல்கள். என் கணவர். அவர் சாகவில்லை. தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.