சிவப்பு முள் நின்ற இடம்

விடிகாலை மூன்றரை மணி. ஆஸ்பத்திரிக்குப் போகிற புறவழிச் சாலை. ஈ காக்கை இல்லை. ஒரு பால் வேன் மட்டும் பறக்கிறது... உள்ளே ஒரு சத்தம். கீ... கீ... துருப்பிடித்த கேட்டைத் திறந்து மூடுவது போல. அது ஒரு பெண்ணின் மூச்சு.

நம் லிப்ட் மெக்கானிக் இருக்கிறானே, அவனுடைய அக்கா. வேனை ஓட்டுவது அவள் கணவர். அந்த மாதத்தில் அது நான்காவது ஓட்டம். நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். ஆனால் என் டீ டம்ளரில் யாரும் வாய் வைக்க வேண்டாம். சிரிக்காதீர்கள், முடிக்கும்போது சிரிப்பு வருகிறதா பார்க்கலாம்.

ஆஸ்பத்திரி நர்ஸ் கறாரான ஆள். "மருந்து ஒழுங்கா எடுக்குறீங்க, சரி. எது உங்க ஆஸ்துமாவைக் கிளப்பி விடுதுன்னு கண்டுபிடிக்கலைன்னா, ஒரு நாள் இங்க உயிரோட வந்து சேர மாட்டீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். ஒரு நோட்டும் ஒரு மீட்டரும் கொடுத்தாள். மீட்டர் என்றால் ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய். காலையும் இரவும் வாயில் வைத்து ஒரே மூச்சாக ஊத வேண்டும். சிவப்பு முள் ஏறி, ஊதிய அளவில் அப்படியே நிற்கும். குறித்துக்கொண்டு, முள்ளைக் கீழே தள்ளி, கழுவித் துடைத்து வைக்க வேண்டும். அக்காவுக்கு நானூறு வந்தால் நல்ல நாள். இருநூறுக்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி.

அக்கா வீட்டையே புரட்டிப் போட்டாள். கம்பளம் போனது. சென்ட் போனது. பூனை மாமியார் வீட்டுக்குப் போனது. கணவரின் சிகரெட்டும் போனது. அதற்கு அவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்படியும் காலை அளவு இறங்கிக்கொண்டே வந்தது. முன்னூறு... இருநூற்று எழுபது...

கடைசியில் கட்டிலை நகர்த்தினார்கள். சே... சுவரில் கறுப்புப் பூஞ்சை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, வட்டமாக, ரோமம் முளைத்து, நடுவில் சளி போலப் பளபளப்பு. ஈரத்துணி அழுகிய நாற்றம். அக்காவின் தலையணைக்குப் பக்கத்தில், படுத்தவர் வாய் இருக்கும் உயரத்தில். கணவர் அக்காவை வெளியே அனுப்பிவிட்டுச் சுரண்டினார், தேய்த்தார். இரண்டே நாளில் அதே இடம், அதே வட்டம். தொட்டால் வெதுவெதுப்பு.

"யாரோ சுவரைப் பார்த்துப் படுத்து மூச்சு விட்ட மாதிரி இருக்கு."

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

மறு வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் குப்பைக்கு. நர்ஸே பாராட்டினாள். மருந்து டப்பாவை மட்டும் கையோடு கொண்டு போனார்கள். மீட்டர் அதற்குள்தான் இருந்தது. மருந்துச் சாமானை யாராவது சந்தேகப்படுவார்களா?

புது வீடு மாடியில். வெயில், காய்ந்த சுவர். பத்தே நாளில் நானூறு. அக்கா மாடிப்படியை நிற்காமல் ஏறினாளாம்.

பதினோராம் நாள் காலை, ஊத எடுத்தாள். முள் அறுபதில் நின்றது. ராத்திரி கீழே தள்ளித்தான் வைத்திருந்தாள். வாய் வைக்கும் இடம்... ஈரம்.

"நீங்க ஊதினீங்களா?"

"நான் எதுக்கு ஊதப்போறேன்?"

"கழுவி வெச்சீங்களா?"

"நான் அதைத் தொட்டதே இல்லையே. அங்கயும் நீதானே கழுவுவே?"

பழைய வீட்டில் தினமும் காலையில் அது ஈரமாகத்தான் இருந்தது. கணவர் கழுவி வைக்கிறார் என்று நினைத்து, மூச்சு முட்டுகிற அவசரத்தில், முள்ளைப் பார்க்காமல் தள்ளிவிட்டு வாயில் வைத்திருக்கிறாள். மூன்று மாதம். இப்போது முகர்ந்து பார்த்தாள். அந்தச் சுவரின் நாற்றம். விரலை வைத்து எடுத்தாள்... எச்சில் நூலாக நீண்டு வந்தது. குளியலறைக்கு ஓடிக் குடலே வெளியே வருவது போல வாந்தி எடுத்தாள். "யார் எச்சிலைத் தின்னுட்டிருந்தேன்?" என்று கேட்டுக் கேட்டு வாய் கொப்பளித்தாளாம்.

அப்போதே தூக்கி எறிந்திருக்க வேண்டாமா? அந்த மனுஷன் மேல் எனக்கு அதுதான் ஆத்திரம். யார் வேலை என்று பார்க்கிறேன் பேர்வழி என்று, துடைத்து, முள்ளைக் கீழே தள்ளி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் உள்ளே முள் தொண்ணூறு. அக்கா புதிதாக வாங்கிய மீட்டரில் ஊதினாள்... முன்னூற்று எழுபது. அடுத்த நாள் அது நூற்று இருபது. அக்கா முன்னூற்று நாற்பது. அதற்குப் பிறகு அலமாரியைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. அது முப்பது ஏறும், அக்கா முப்பது இறங்குவாள். அவள் நூற்றுத் தொண்ணூறு ஊதிய அன்றைக்கு, நான் முதலில் சொன்ன அதே சாலையில் மறுபடி பால் வேன் பறந்தது.

நேற்று அக்காவுக்கு மாற்றுத் துணி எடுக்க மெக்கானிக் அந்த வீட்டுக்குப் போனான். வீட்டில் யாரும் இல்லை. அலமாரி பூட்டியபடி இருந்தது. முள் முன்னூறு. அக்கா ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கிறாள்.

கண்ணாடியின் உள்பக்கம் ஒரு வட்டம், தட்டு அகலத்துக்கு, ஆவி படிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது மெல்லச் சுருங்கி... மறுபடி விரிந்தது.