மண்டபத்திலிருந்து நான் தூக்கிச் சென்ற கப்பல்

பெயர்: லோகேஸ்வரி த/பெ செல்லன். வயது: 46. தொழில்: பள்ளி வேன் ஓட்டுநர். முகவரி: எண் 17, லோரோங் 3, தாமான் கெனாங்கா, கோலா சிலாங்கூர். 15.10.2024 செவ்வாய்க்கிழமை காலை 10.40 மணிக்கு இன்ஸ்பெக்டர் சத்தியசீலன் முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தமிழில் சொல்லி, சொன்னபடியே எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் என் கணவர் ரவீந்திரனுடன் குடியிருக்கிறேன். காலை ஏழரைக்குள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், மறுபடி ஏற்றுவதற்குப் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் போக வேண்டும். இடையில் கிடைக்கும் ஐந்து மணி நேரத்தில் நான் மரத்தில் சிறிய கப்பல்கள் கட்டுகிறேன். ஒன்பது வருடமாகக் கட்டுகிறேன். எதற்காகக் கப்பல் என்று கேட்கப்பட்டது. பிடித்திருக்கிறது, கட்டுகிறேன். ஆண்கள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனால் எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் புகாரில் உள்ள கப்பல் நான் கட்டியதில் ஐந்தாவது. மூன்று பாய்மரம் கொண்டது, நீளம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். நாற்காலித் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ரப்பர் மரச் சட்டங்களை வாங்கி வந்து, மெல்லிய பட்டைகளாக அறுத்து, புட்டுக் குழலில் ஆவி காட்டி வளைத்து, கப்பலின் விலா எலும்புகள் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினேன். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் புட்டு கிடையாது. என் கணவர் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதன் பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, பாய்மரங்களை நட்டு, கயிறுகளைக் கட்டி முடித்தேன். மொத்தம் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆயின.

06.07.2024 அன்று கப்பலுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்வதற்காக, பழைய டவுனில் படச்சட்டக் கடை வைத்திருக்கும் தனபாலன் என்பவரிடம் அதைக் கொடுத்தேன். அவரைப் பத்து வருடமாக அண்ணே என்று கூப்பிட்டு வந்தேன். இன்று முதல் தனபாலன் என்றே எழுதுங்கள். அவர், "ரெண்டே வாரம்லா தங்கச்சி, ராஜா வீட்டுப் பெட்டி மாதிரி செஞ்சி தாரேன்" என்றார். அதன் பிறகு நான் நான்கு தடவை போனேன். கண்ணாடி வரவில்லை என்றார், வேலையாள் லீவு என்றார், இடுப்பு வலி என்றார். நானும் நம்பி, இடுப்புக்குத் தைலம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

12.10.2024 சனிக்கிழமை காலை பத்து மணியளவில் என் தோழி விமலா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். தீபாவளியை ஒட்டிப் பொது மண்டபத்தில் நடக்கும் கைவினைக் கண்காட்சியில் என் கப்பல் நடு மேசையில் இருந்தது. அதன் முன்னால் இருந்த அட்டையில் "கைவண்ணம்: தனபாலன். முதல் பரிசு" என்று அச்சடித்திருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு நேராக மண்டபத்துக்குப் போனேன். அங்கே தனபாலன் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்குக் கயிறு கட்டுவதில் உள்ள சிரமத்தை விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் சத்தம் போடவில்லை. மேசை அருகில் போய், கப்பலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, கயிறு மாட்டிக்கும்" என்று சொல்லி வெளியே வந்தேன். அத்தனை பேரும் வழி விட்டார்கள். அட்டையை எடுக்கவில்லை, அது அவருடையது. அன்று மாலையே நான் கப்பலைத் திருடியதாக அவர் போலீஸ் புகார் செய்தார்.

நான் எடுத்தேனா என்று கேட்கப்பட்டது. ஆமாம், எடுத்தேன். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க எடுத்தேன்.

நிலையத்திலிருந்து அழைப்பு வந்ததன் பேரில் இன்று காலை ஒன்பது மணிக்குக் கப்பலுடன் வந்தேன். தனபாலனும், கண்காட்சித் தலைவர் கார்த்திகேசு ஐயாவும் முன்பே வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் விசாரித்தபோது தனபாலன், நான் அவரிடம் கொடுத்தது பாய்மரமே இல்லாத மொட்டை ஓடு என்றும், பாய்மரமும் கயிறும் தம்முடைய வேலை என்றும், கப்பலுக்கு உயிர் கொடுத்தது தாமே என்றும் சொன்னார். என்னிடம் இருந்த படங்கள் ஓடு கட்டிய காலத்துப் படங்கள். கயிறு கட்டும்போது எடுத்தவை பழைய கைப்பேசியோடு மீன் கடை வாளியில் விழுந்து போயின. என் கணவரும் விமலாவும் பார்த்திருக்கிறார்கள் என்றேன். அவர்கள் என் ஆட்கள், அப்படித்தான் சொல்வார்கள் என்றார் தனபாலன்.

அதன் பிறகு கார்த்திகேசு ஐயா, நல்ல நாளும் பெரிய நாளுமாக எதற்குச் சண்டை, அட்டையில் இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடலாம், பரிசும் இருவருக்கும் என்று சமாதானம் சொன்னார். தனபாலன் உடனே தலையாட்டினார். நான் வேண்டாம் என்றேன். பரிசுக் கோப்பையை அவரே வைத்துக்கொள்ளட்டும், அதில் காப்பி ஊற்றிக் குடிக்கட்டும், எனக்குக் கவலையில்லை. ஆனால் என் கப்பலில் அவர் பெயரின் ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பாய்மரத்தின் இரு பக்கமும் மாலுமிகள் ஏறுவதற்குக் கயிற்று ஏணிகள் உண்டு. இந்தக் கப்பலில் ஆறு ஏணிகள். ஒவ்வோர் ஏணியிலும் ஆறு நெட்டுக் கயிறு, குறுக்கே இருபத்தாறு படி, கயிறும் படியும் சேரும் இடமெல்லாம் ஒரு முடிச்சு. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. அவர்தான் கட்டினார் என்றால் கை மறந்திருக்காது, ஒரே ஒரு படி இங்கே கட்டிக் காட்டட்டும், கட்டிவிட்டால் பாதிப் பெயரைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். இன்ஸ்பெக்டர் சரி என்றார். என் பையில் இருந்த நூலை எடுத்து, மூன்று இழைகளை நாற்காலி முதுகில் கட்டித் தொங்கவிட்டோம்.

தனபாலன் தயங்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மூன்று முடிச்சையும் சுத்தமாகப் போட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகவே போட்டார். புத்தகத்தில் இருக்கும் அதே கப்பல்காரர் முடிச்சு. எங்கேயோ பார்த்துப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். கார்த்திகேசு ஐயா என்னைப் பார்த்து, "என்னம்மா, கட்டிட்டாரே" என்றார்.

நான், கப்பலில் இருக்கும் முடிச்சையும் பாருங்கள் என்றேன். இன்ஸ்பெக்டர் கைப்பேசியில் இரண்டையும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டும் வேறு வேறாக இருந்தன. கார்ப்பரல் நித்தியா அருகில் வந்து குனிந்து பார்த்தார். பார்த்தவர், "ஐயோ சார், இது பூ கட்டுற முடிச்சுலா! எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை இதத்தான் கட்டுவோம்" என்று சிரித்துவிட்டார்.

அது உண்மை. எனக்குக் கப்பல்காரர் முடிச்சு வரவேயில்லை. மூன்று நாள் முயன்று, விரல் வீங்கி, போடா என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு ஏணிக் கயிறுகளைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே கால் கட்டைவிரலில் மாட்டி மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மல்லிகைக் காம்பைக் கட்டுவதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணி போட்டு மாட்டி இறுக்கினேன். எந்தக் கப்பலிலும் அப்படிக் கட்டமாட்டார்கள், அது தவறு என்று எனக்கே தெரியும். ஏணியை முடித்துத்தான் பாய்மரத்தில் ஏற்றினேன். நிலையத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கப்பலைப் பார்க்காமல், இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு படி கட்டிக் காட்டினேன். மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டார்கள். நூலுக்கு நூல் ஒன்றாக இருந்தது.

தனபாலனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் என்னை நோக்கிக் கை நீட்டி, "சார், இவங்க கட்டுனது அத்தனையும் தப்பு! கப்பலப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்கதான் இப்படிக் கட்டுவாங்க!" என்றார்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ, இந்தத் தப்பெல்லாம் யாரோடது?" என்று கேட்டார். நான், "என்னோடது சார். தொள்ளாயிரத்து முப்பத்தாறு தப்பும் என்னோடது" என்றேன். கார்த்திகேசு ஐயா எழுந்து வந்து எனக்குக் கை கூப்பினார்.

அதன் பிறகு தனபாலன் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். கடைக்கு வந்த யாரோ கப்பலைப் பார்த்து நீங்களா செய்தது என்று வாயைப் பிளந்தபோது ஆமாம் என்று தலையாட்டியதாகவும், பிறகு ஊரே பாராட்டத் தொடங்கியதால் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை என்றும் சொல்லி, தம் புகாரை மீட்டுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். கேட்க ஒரு நிமிடம் பாவமாகத்தான் இருந்தது. தைலத்தை நினைத்ததும் அது போய்விட்டது.

அவர் மேல் பதில் புகார் கொடுக்கிறேனா என்று கேட்கப்பட்டது. இல்லை. கண்காட்சி ஞாயிறு வரை நடக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு நான் கப்பலைக் கொண்டுபோய் அதே நடு மேசையில் வைப்பேன். தனபாலன் அங்கே வந்து, அந்த அட்டையைத் தம் கையாலேயே எடுத்துவிட்டு, என் பெயர் அட்டையை வைக்க வேண்டும். அவர் சம்மதித்துவிட்டார். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று கார்த்திகேசு ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன்.

எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, நடந்தது நடந்தபடியே சொல்லியிருக்கிறேன். கப்பலைக் கட்டியவள் நான்தான் என்பதற்கு இதன் கீழ் என் முழுப் பெயரை எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
லோகேஸ்வரி த/பெ செல்லன்