றம்ஸியா நடந்த கொப்பி

இரவு மணி எட்டரை இருக்கும். காரைதீவு தாண்டி நிந்தவூருக்குப் போகும் வீதி. இரண்டு பக்கமும் வயல்... ஒரு ஈ காக்கை இல்லை. சரீப் தனியே சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறார். சரீப் என்றால் நம் மீராசாவின் மாமா. கல்முனையில் கடைகளுக்குப் போர்டு எழுதியவர். மீராசா எனக்குச் சொன்னது இது, நான் கட்டிய கதையில்லை. சிரிக்கிறவன் வெளியே போய் இரு.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் சரீபின் மூத்த சகோதரி, அவர் றாத்தா என்று கூப்பிடும் ஹவ்வா உம்மாவுடைய ஒரே மகள் றம்ஸியாவை வெள்ளம் கொண்டுபோயிற்று. ஏழு வயது. மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. ஒரு போட்டோவும் இல்லை. அடுத்த வருசம், பிள்ளையின் முகம் மறந்துபோகிறதே என்று தாய் அழத் தொடங்கினாள். அதைக் கேட்டுக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்?

சரீப் ஒரு கொப்பியை உள்ளங்கையளவு வெட்டித் தைத்து, நாற்பது தாளிலும் படம் கீறினார். பெருவிரலால் ஓரத்தை அழுத்தி விட்டால் தாள்கள் ஓடும், படம் நடக்கும். கடல். கடல் நடுவே ஒரு திறந்த கதவு. அதை நோக்கிப் போகும் பிள்ளை. அது சுவர்க்கத்தின் கதவு, அழாதே என்று சொல்வதற்காக. ஆனால் முதுகை மட்டும்தான் கீறினார். முகம் கீறினால் மறுமையில் 'இதற்கு உயிர் கொடு' என்று கேட்கப்படும் என்ற பயம்.

ஹவ்வா உம்மா கொப்பியைக் கடைசித் தாளிலிருந்துதான் விடுவாள். பிள்ளை கதவிலிருந்து பின்பக்கமாகவே நடந்து... கிட்ட வரும். கிட்ட வந்தும் முகம் இல்லை.

"தம்பி, ஒருக்காத் திருப்பி உடு. பாத்துட்டு உட்டுடுறன்."

ஆறு மாதம் கேட்டாள். சரீபுக்கு மனம் பொறுக்கவில்லை. கொப்பியைக் கல்முனைக்குக் கொண்டுபோய், முதல் தாளில் பிள்ளையைத் திருப்பி முகம் வைத்தார். கண்ணைக் கடைசியாக வைத்தார்.

அந்தக் கொப்பிதான் அன்று சைக்கிள் கரியரில் இருந்தது. பாலத்தடியில்... பர்ர்ர். தாள் ஓடும் சத்தம். காற்றே இல்லை. நின்றது. மறுபடி பர்ர்ர்... சைக்கிள் பாரமாயிற்று. வெள்ளத்துச் சேற்றின் மணம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. றாத்தாவின் வாசலில் பாரம் இறங்கியது.

லாம்பு வெளிச்சத்தில் கொப்பியை விட்டுப் பார்த்தார். கடல் இருக்கிறது. கதவு இருக்கிறது. நாற்பது தாளிலும் பிள்ளை இல்லை. இனி இவளுக்கு என்ன சொல்வேன் என்று அந்த மனிதர் அங்கேயே நின்று அழுதாராம். அழுதுகொண்டே "றாத்தா" என்று கூப்பிட்டு உள்ளே போனார்.

ஹவ்வா உம்மா பாயருகே இருந்தாள். அவள் கை வெறும் தலையணைக்கு மேலே மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"மெல்லக் கதை தம்பி. இப்பத்தான் உறங்கினாள்."